அவசரக்காரிக்கு ஒரு கேமரா

பிப்ரவரி 4

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். ரத்த அழுத்த மாத்திரை நீல டப்பாவில் இருக்கிறது, காலையில் ஒன்று. நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்.

நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது என்பது மகளின் தீர்ப்பு. "ரெண்டு பேரும் லெட்டர் எழுதிக்கோங்க. நடுவுல நான் மத்தளமா?" என்கிறாள். எழுதுவதிலும் ஒரு வசதி இருக்கிறது. எழுதும்போது குறுக்கே பேச முடியாது.

பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். செருப்பைக் கண்டால் விடுவதில்லை. பிரசவத்துக்குத் துணையாக வந்தவள் ஏன் இன்னும் திரும்பவில்லை என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். சம்பந்தியம்மா வந்து மகள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே இப்போது எனக்கு வேலையும் இல்லை, படுக்க இடமும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு துணிக்கடையின் மாடியில் சின்ன அறை எடுத்திருக்கிறேன். இதை மகள் உங்களிடம் சொல்லியிருப்பாள். நானும் என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

கடை என்றால் ஆள் வந்து வாங்கும் கடை இல்லை. துணியைச் சுவரில் மாட்டிப் படம் எடுத்து இணையத்தில் போடுவார்கள். பார்த்தவர்கள் பணம் கட்டினால் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். பாதிப் பெட்டி திரும்பி வந்துவிடும். "படத்துல மயில் கழுத்து நிறம், பெட்டியில பாசி நிறம்" என்று திட்டு வேறு. நான் துணி மடிக்கத்தான் போனேன். ஒருநாள் படம் எடுக்கும் பையன் வரவில்லை. கடைக்காரம்மா தன் போனை என்னிடம் நீட்டினாள். நான் குழல் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் மாட்டி எடுத்தேன். அன்று எடுத்ததில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. "ஆன்ட்டி, உங்களுக்குக் கண்ணு இருக்கு. ஆனா போன்ல எத்தனை நாள் ஓட்டறது? சொந்தமா கேமரா வாங்கிட்டு வாங்க, இந்த வேலை உங்களுக்குத்தான்" என்றாள். ஏப்ரல் ஐந்தாம் தேதி புதுச் சரக்கு வந்து இறங்குகிறது. அதற்குள் வேண்டும்.

அந்த வேலை இருந்தால் இந்த அறை எனக்கு நிலைக்கும். இல்லாவிட்டால் நிலைக்காது. மறைக்காமல் சொல்கிறேன்.

இங்கே இருக்கும் ஒரே கடையில் புதியவை மட்டும்தான். விலை என் கைக்கு எட்டாது. உங்கள் ஊரில் பழைய கேமரா விற்கும் தெரு ஒன்று முழுசாக இருக்கிறது. லென்ஸைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். என் சேமிப்பை உங்கள் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்குள் அடங்குகிற மாதிரி ஒன்றைப் பார்த்து வாங்கி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அவசரக்காரி


பிப்ரவரி 11

அன்புள்ள அவசரக்காரிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை கணவனாகப் படித்தேன், கொஞ்சம் வலித்தது. இரண்டாம் தடவை வாத்தியாராகப் படித்தேன். கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அடிப்படை. கேமரா என்று நாம் சொல்வது இரண்டு பொருள். உடல் ஒன்று, லென்ஸ் ஒன்று. உடல் ஒரு நோட்டுப் புத்தகம், லென்ஸ் கண் என்று வைத்துக்கொள். நல்ல கண்ணும் சுமாரான நோட்டும் இருக்கிறவன் நன்றாக வரைவான். கண் மங்கியவனுக்கு வழவழத் தாளில் நோட்டு வாங்கிக் கொடுத்து என்ன பயன்? ஆகவே கையில் இருக்கும் பணத்தில் உடலுக்குக் குறைவாகவும் லென்ஸுக்குத் தாராளமாகவும் செலவு செய்வதுதான் முறை. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அடுத்து, இத்தனை மெகாபிக்சல் என்று கடைக்காரர்கள் கூவுவார்கள். மயங்காதே. ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள் இருப்பதால் அது நன்றாகப் படிக்கும் வகுப்பு ஆகிவிடுமா? உனக்கு அந்த எண் பெரிதாகத் தேவைப்படாது.

லென்ஸில் ஓர் எண் எழுதியிருக்கும். ஒன்று புள்ளி எட்டு, மூன்று புள்ளி ஐந்து என்று. அது துவாரம் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்லும் எண். இதை ரேங்க் அட்டை மாதிரி நினைத்துக்கொள். எண் சிறியதாக இருந்தால் பெருமை பெரியது. ஒன்று புள்ளி எட்டு உள்ள லென்ஸ் மங்கலான அறையிலும் வெளிச்சத்தை வாரி எடுத்துக்கொள்ளும்.

இப்போது என் கேள்விகள். கடையில் படம் எடுக்கிற அறையில் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை எத்தனை அடி? ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது? தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் துணியை மாட்டுகிறார்கள்? துணி மட்டுமா, ஆளுக்குப் போட்டும் எடுப்பீர்களா? சுவரின் நிறம் என்ன? முக்காலி இருக்கிறதா? கை நடுங்குமா? (உனக்கு நடுங்காது. கேட்க வேண்டியது என் கடமை.)

கடைசியாக, பாடத்துக்குள் வராத கேள்வி ஒன்று. எப்போது வருகிறாய்?

உன் வாத்தியார்


பிப்ரவரி 17

அன்புள்ள வாத்தியாருக்கு,

விடைகள். பத்தடி. வடக்கு. கழுத்துப் பட்டி என் தலைக்கு மேல். துணி மட்டும். வெள்ளை என்று பெயர், அழுக்கு மஞ்சள் என்பது உண்மை. முக்காலி இருக்கிறது, ஒரு கால் ஆடும். நடுங்காது.

கடைசிக் கேள்வியைத் தேர்விலிருந்து நீக்கிவிட்டேன்.

ரேங்க் அட்டை உதாரணம் நன்றாகப் புரிந்தது. கடைக்காரம்மாவிடம் சொன்னேன். "இப்படி யாராச்சும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தா நான் பிசிக்ஸ்ல பாஸ் ஆகியிருப்பேன் ஆன்ட்டி" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று. நான் தையல் மெஷின் கேட்டது மகள் வயிற்றில் இருந்தபோது. நீங்கள் நாலு கடை ஏறி, எட்டு மாடல் பார்த்து, அடுத்த வருஷம் இதைவிட நல்லது வரும் என்று காத்திருந்து, வாங்கிக் கொடுத்தபோது எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. மெஷின் பிரமாதமான மெஷின்தான். இன்றைக்கும் மூலையில் புதிதாக நிற்கிறது.

ஏப்ரல் ஐந்து. காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

அவசரக்காரி


மார்ச் 2

அன்புள்ள அவசரக்காரிக்கு,

தையல் மெஷினை இழுக்காமல் உன்னால் ஒரு கடிதமும் எழுத முடியாது என்பது தெரிந்ததே. போகட்டும்.

மூன்று நாள் அந்தத் தெருவில் அலைந்தேன். ஒரு கடைக்காரர் உடல் ஒன்றைக் காட்டி, "சார், ஒரே கை. ஒரு டாக்டர் வெச்சிருந்தது" என்றார். "டாக்டர் கைன்னா நிறைய ஆபரேஷன் ஆகியிருக்குமே?" என்றேன். சிரித்துவிட்டார். கேமரா எத்தனை முறை கண் சிமிட்டியிருக்கிறது என்று கணக்கு எடுக்க வழி இருக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவன் எத்தனை மைல் ஓடியது என்று பார்ப்பதைப் போலத்தான். பார்க்கச் சொன்னேன். லட்சத்தைத் தாண்டியிருந்தது. "டாக்டருக்குத் தூக்கமே இல்ல போலிருக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு கடையில் லென்ஸ் ஒன்று, விலை மலிவு, வெளியே பளபளவென்று இருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக நூல் நூலாக ஓடியிருந்தது. பூஞ்சை.

"தூசி சார் அது. ஊதினா போயிடும்."

"தூசி கிளை விடுமா தம்பி?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். இப்போது அந்தத் தெருவில் எனக்கு 'டார்ச் சார்' என்று பெயர். பக்கத்துக் கடைக்காரர் தான் வாங்கவிருந்த லென்ஸையே என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்.

சரி, முக்கியமான செய்தி. பழகுகிறவர்கள் எல்லாரும் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ்தான் முதலில் வாங்குகிறார்கள், விலையும் குறைவு. உனக்கு அது உதவாது. கூடத்துக் கதவில் உன் பழைய நைட்டியை மாட்டினேன். நூல் பிடித்து அளந்தேன். நம் வகுப்பு முக்கோணக் கணக்குதான். நாம் பார்க்கும் கேமராவில் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால், ஐந்தடி உடை முழுதாகப் படத்தில் விழ நீ பத்தரை அடி பின்னால் போக வேண்டும். நீ படம் எடுக்கிற அறை பத்தடி. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றா எடுப்பாய்? முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்றால் ஏழரை அடியில் வேலை முடிந்தது. பின்னால் முக்காலிக்கும் இடம் இருக்கும்.

அப்படி ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறேன். உடல் அடக்கமானது, அதிகம் உழைக்காதது. லென்ஸ் கண்ணாடி போல் சுத்தம். உன் பணத்துக்கு மேல் கொஞ்சம் ஆகிறது. அதை நான் போட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கம்பெனி அடுத்த மாதம் புது மாடல் விடப்போகிறதாம். விட்டால் பழையது தானாக இறங்கும். பொறுத்தால் நல்லது.

நைட்டி இன்னும் கதவில்தான் தொங்குகிறது. எடுத்து மடிக்க மனம் வரவில்லை.

உன் வாத்தியார்


மார்ச் 9

அன்புள்ள வாத்தியாருக்கு,

சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எடுப்பதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். ஐம்பதுதான் நல்லது என்று இங்கே எல்லாரும் சொன்னார்கள். நானாக வாங்கியிருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். மோசம் போகாமல் காப்பாற்றினீர்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.

அதே மனதோடு இதையும் சொல்கிறேன். பொறுக்காதீர்கள். விலை இறங்கினால் இறங்கட்டும், அந்த லாபம் எனக்கு வேண்டாம். கடைக்காரம்மா நேற்றும் கேட்டாள்: "என்ன ஆன்ட்டி, கேமரா வருமா வராதா? அஞ்சாம் தேதி நான் உங்களை நம்பி நிக்க முடியாது." வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். உங்களை நம்பித்தான் சொன்னேன்.

பதினான்காம் தேதி மகள் குழந்தையோடு உங்களிடம் வருகிறாள், ஒரு வாரம் இருப்பாள். பார்சல், கூரியர் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். அவள் கையில் கொடுத்துவிடுங்கள். பத்திரமாக வந்து சேரும்.

பேத்தியைத் தரையில் விடும்போது உங்கள் செருப்பை மேலே எடுத்து வையுங்கள்.

அவசரக்காரி


மார்ச் 23

அன்புள்ள அவசரக்காரிக்கு,

மகளும் பேத்தியும் நேற்று முன்தினம் கிளம்பினார்கள். வீடு காலியாகிவிட்டது. முன்பும் காலியாகத்தான் இருந்தது, ஆனால் அப்போது தெரியவில்லை. சத்தம் நின்ற பிறகுதானே கடிகாரம் ஓடுவது கேட்கிறது.

பேத்தி உன் சாயல். ஒரு பொருள் வேண்டும் என்றால் அந்த நிமிடமே வேண்டும். கிடைத்ததும் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றைப் பார்ப்பாள். என் மூக்குக் கண்ணாடியை மூன்று தடவை பறித்தாள்.

கேமரா விஷயத்தில் நீ அவசரப்படாதே. புது மாடல் வரப்போவது உறுதி என்று தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். விலை இறங்கும் என்பதில் சந்தேகம் இல்லை. லென்ஸ் என்பது ஒரு நாள் கூத்து இல்லை. வருடக்கணக்கில் கூட இருக்கப்போகிற பொருள். பத்து நாள் முன்னே பின்னே ஆவதில் என்ன இருக்கிறது? அந்த அம்மாளிடம் நயமாகச் சொல். நல்ல வேலைக்காரியை யாரும் விடமாட்டார்கள்.

இங்கே வடக்கு ஜன்னலோரம் வெளிச்சம் எவ்வளவு சாந்தமாக விழுகிறது என்பதை இத்தனை வருஷம் நான் கவனித்ததே இல்லை. நீ சொன்ன பிறகுதான் பார்க்கிறேன்.

உன் வாத்தியார்


ஏப்ரல் 12

வாத்தியாருக்கு,

ஐந்தாம் தேதி சரக்கு வந்தது. கேமரா வரவில்லை. மத்தியானம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே துணி மடித்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் பை, பைக்குள் கேமரா. மூன்று மணிக்கு வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பேசி முடித்திருக்கிறார்கள்.

கெட்ட பெண் இல்லை. "ஆன்ட்டி, நீங்க ஜன்னல் பக்கம் மாட்டி எடுப்பீங்களாமே, எப்படின்னு காட்டுங்களேன்" என்று கேட்டாள். காட்டினேன்.

இப்போது நான் அவள் படம் எடுப்பதற்கு முன்னால் உடைகளுக்கு இஸ்திரி போடுகிறேன். மடிப்பு தெரியக்கூடாது, பளபளக்கவும் கூடாது. ஆவி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிவிட்டது. கூலி பாதிதான். அறையைப் பற்றியும் கடைக்காரம்மா பேசினாள். ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் ஜூன் முதல் தேதி காலி செய்ய வேண்டும். படம் எடுக்கிறவளுக்கு அறை, இஸ்திரி போடுகிறவளுக்கு இல்லை. நியாயம்தான்.

இனி விலை இறங்கினாலும் ஏறினாலும் எனக்கு ஒன்றுதான். என் பணத்தை அனுப்பிவிடுங்கள்.

அவசரக்காரி


ஏப்ரல் 22

என் அன்பான அவசரக்காரிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து மிகவும் வருத்தப்பட்டேன். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வேலை போனதைப் பற்றிக் கலங்காதே. ஒரு தேர்வில் தவறியவன் மறு தேர்வில் முதலிடம் வாங்கியதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. பணத்தை அனுப்ப முடியாது. ஏனென்றால் அது கேமராவாகிவிட்டது! ஆமாம், உன் கேமரா நம் வீட்டில் இருக்கிறது. நான் சொன்ன அதே உடல், அதே முப்பத்தைந்து லென்ஸ். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்டு, உன் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை எடுத்து வெளிச்சம் காட்டுகிறேன். பூஞ்சை வராது.

அது மட்டும் இல்லை. வடக்கு ஜன்னலோரச் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டேன். உன் கடைச் சுவர் மாதிரி அழுக்கு மஞ்சள் இல்லை, சுத்த வெள்ளை. ஆணி அடித்துக் கம்பி கட்டியிருக்கிறேன். தையல் மெஷினை நகர்த்தியதில் பன்னிரண்டு அடி கிடைத்தது. இரண்டடி உனக்கு லாபம். இங்கேயும் இணையத்தில் துணி விற்கிறவர்கள் இருக்கமாட்டார்களா? நீ உன் இஷ்டத்துக்கு எடு. காலி செய் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

லென்ஸின் தரம் உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நான் எடுத்த படம் ஒன்றைப் பிரதி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பேத்தியின் கண்ணிமை ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னால் இருக்கும் கதவு பஞ்சு மாதிரி கரைந்திருப்பதைப் பார். அதுதான் ஒன்று புள்ளி எட்டின் மகிமை.

ஜூன் முதல் தேதிக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னால் செய்துவிடு. நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

உன் வாத்தியார்


ஏப்ரல் 30

வாத்தியாருக்கு,

படம் மிக நன்றாக இருக்கிறது. கண்ணிமைகளைப் பார்த்தேன். பஞ்சு மாதிரி கரைந்த கதவையும் பார்த்தேன். அதில் என் நைட்டி தொங்குவது கரைந்தும் தெரிகிறது.

நம் கூடத்தில், நம் கதவுக்கு முன்னால், மகள் மடியில் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள். பேத்தி பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. மார்ச் பதினான்காம் தேதி வந்து ஒரு வாரம் இருந்தாள்.

ஆக, கேமரா அப்போதே உங்கள் கையில் இருந்திருக்கிறது.

மகளைக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு, "அப்பா சர்ப்ரைஸ்னு சொன்னாரும்மா. அம்மா வந்ததும் நானே கையில கொடுக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னாரு. நீ ஊருக்குத் திரும்பப் போறதா நினைச்சேன்" என்று அழுதாள். அவளை நான் திட்டவில்லை.

உங்கள் மார்ச் 23 கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அதில் 'இன்னும் வாங்கவில்லை' என்று எங்கும் இல்லை. 'அவசரப்படாதே' என்று இருக்கிறது. 'விலை இறங்கும்' என்று இருக்கிறது. நீங்கள் பொய் சொல்லாத வாத்தியார் என்று ஊரெல்லாம் பேர். அந்தப் பேருக்கு ஒரு கீறல்கூட விழாமல் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தடவை அடித்துத் திருத்தி எழுதினீர்கள்?

தையல் மெஷின் காலத்தில் உங்கள் சுபாவம் அப்படி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சுபாவம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இந்தத் தடவை நீங்கள் தாமதமே செய்யவில்லை. நேரத்துக்கு வாங்கினீர்கள். சரியாக வாங்கினீர்கள். பிறகு எலிப்பொறியில் தேங்காய்த் துண்டு வைக்கிற மாதிரி அலமாரியில் வைத்துவிட்டீர்கள். அஞ்சாம் தேதி நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது நீங்கள் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தீர்கள்.

கேமராவை அனுப்புங்கள். அது என் பணம்.

(கையெழுத்து வேண்டாம், யார் எழுதியது என்று தெரியும்.)


மே 9

அன்புள்ள அவசரக்காரிக்கு,

எலிப்பொறி என்று எழுதிவிட்டாய். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

உன் கோபம் புரிகிறது. ஆனாலும் ஓர் உதாரணம் சொல்கிறேன், கேள். குழந்தைக்குப் பிடித்த பொம்மையை வீட்டில் வைத்துக்கொண்டு, வா, வந்து விளையாடு என்று அப்பன் கூப்பிடுகிறான். அதைச் சூழ்ச்சி என்பார்களா, ஆசை என்பார்களா? பொம்மையைத் தெருவில் கொடுத்தால் குழந்தை தெருவிலேயே இருந்துவிடும். இவ்வளவுதான் நான் நினைத்தது. நீ குழந்தை இல்லை என்று பதில் எழுதுவாய். தெரியும்.

கேமராவை இன்று கூரியரில் சேர்த்துவிட்டேன். உடலையும் லென்ஸையும் தனித்தனியாக உன் பழைய சேலைகளில் சுற்றி, சுற்றிலும் தெர்மகோல் வைத்து, பெட்டியின் ஆறு பக்கத்திலும் 'உடையும் பொருள்' என்று எழுதியிருக்கிறேன். லென்ஸைக் கழற்றும்போது உடலின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், தூசி விழாது. பாட்டரியை முழுதாகத் தீர விடாதே.

வேலை போய்விட்டது. அறையும் ஜூன் முதல் தேதி போகப்போகிறது. அந்தக் கேமராவோடு நீ எங்கே போவாய்? கோபத்தில் யோசிக்காதே. பாதிக் கூலியில் ஆறு மாத வாடகையை யாராலும் கட்ட முடியாது. இது கணக்கு. இதில் கோபதாபம் இல்லை. களைத்துப்போய் நீயே வருவாய். நான் பொறுமைக்காரன். சுவர் வெள்ளையாகவே இருக்கும்.

உன் வாத்தியார்


மே 27

வாத்தியாருக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை. சேலைகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். அவை என்னிடமே இருக்கட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் கடை மூடியிருந்தது. சாவி வாங்கி, இஸ்திரி போட்டு வைத்திருந்த உடைகளில் ஆறை ஜன்னலோரம் மாட்டி எடுத்தேன். ஏழரை அடியில் நின்றேன். நீங்கள் அளந்து சொன்னது அங்குலம் பிசகவில்லை. நிறமெல்லாம் துணியில் இருந்தபடியே வந்தது. மயில் கழுத்து மயில் கழுத்தாகவே இருந்தது. எனக்கு இந்த வேலை வந்திருக்கும் வாத்தியாரே. அதைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை அந்தப் பெண் படங்களைப் பார்த்துவிட்டு, லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய கேமரா தேய்ந்துவிட்டது, நடுநடுவே நின்றுவிடுகிறது.

"ஆன்ட்டி, செகண்ட்ஹேண்டுல இவ்வளவு சுத்தமா கிடைக்கவே கிடைக்காது. யாரு பார்த்து வாங்கினது?"

"ஒரு பிசிக்ஸ் வாத்தியார்."

"உங்க சொந்தக்காரரா?"

"எனக்குத் தெரிஞ்சவர்" என்றேன்.

அவளுக்கே விற்றுவிட்டேன். வந்த பணத்தில் நீங்கள் மேலே போட்டதை எடுத்து மகளிடம் கொடுத்திருக்கிறேன், உங்கள் கணக்கில் சேர்த்துவிடுவாள். மீதியைக் கடைக்காரம்மாவிடம் கட்டினேன். ஆறு மாத வாடகை சரியாக வந்தது. ரசீது கொடுத்தாள். நவம்பர் முடிய இந்த அறை என்னுடையது. அதற்குப் பிறகு வேறு வழி பார்ப்பேன். மாலையில் அந்தப் பெண்ணே தன் கேமராவில் எனக்கு வேலை பழக்குகிறேன் என்கிறாள். பழக்கினால் பழகுவேன், இல்லாவிட்டால் ஆவிப் பெட்டி இருக்கிறது.

பாதிக் கூலியில் கட்ட முடியாது என்று எழுதியிருந்தீர்கள். கணக்கு சரிதான். நீங்கள் அவ்வளவு நல்லதாகப் பார்த்து வாங்கியிருக்காவிட்டால் நான் உண்மையிலேயே ஜூன் முதல் தேதி ஸ்டேஷனில் வந்து இறங்கியிருப்பேன்.

உங்கள் மருந்துச் சீட்டை டாக்டரிடம் புதுப்பிக்க மறக்காதீர்கள். பேத்தியை வருஷத்துக்கு இரண்டு தடவை உங்களிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நான் கூட வரமாட்டேன்.

கீழே மூட்டை வந்து இறங்குகிற சத்தம் கேட்கிறது. இன்றைக்கு முழுக்கச் சட்டைகள். ஆவிப் பெட்டி சூடாகிவிட்டது.

நான் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் பாட்டி